அம்மாவின் கண் நரம்பு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. திருமங்கலத்தில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 64 வயது, கிளாக்கோமா (கண் நரம்பு மெல்ல மெல்லக் கெடும் நோய்). நான்கு வருஷமாக ராத்திரி சொட்டு மருந்து, ஒரு நாள்கூட விட்டதில்லை. கண் அழுத்தம் 15, 16 என்றுதான் இருக்கிறது. ஆனாலும் கண்ணின் உள் அடுக்குகளின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேனில் வலது கண்ணின் நரம்பிழை அடுக்கு 84 மைக்ரானில் இருந்து 73க்கு மெலிந்துவிட்டது. அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கரைகிறதே என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. போன நரம்பு திரும்ப வராது இல்லையா.

தேடியதில் நியூரோஃபிலமெண்ட் லைட் என்ற புரதத்தைப் பற்றிப் படித்தேன். நரம்பிழை சிதையும்போது உள்ளிருந்து கசிந்து வெளியே வருவது அது. கிளாக்கோமா உள்ளவர்களின் கண்ணுக்குள் இருக்கும் நீரில் இது கூடுதலாக இருப்பதாக ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஸ்கேன் காட்டுவது ஏற்கெனவே நடந்த இழப்பை; இது இப்போது நடப்பதைக் காட்டலாம். ஆனால் ரத்தத்தில் பார்த்தால் வயது, சிறுநீரகக் கோளாறு, வேறு நரம்பு நோய்களாலும் அளவு ஏறும். அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு.

மதுரையில் எந்த லேபிலாவது இதை எடுக்கிறார்களா? எடுத்தாலும் அம்மா மாதிரி ஒருவருக்குப் பயன் உண்டா, இல்லை ஓசிடியையும் ஃபீல்டு டெஸ்டையும் (பார்வைப் பரப்புச் சோதனை) அடிக்கடி எடுப்பதே போதுமா? அப்புறம், அழுத்தம் குறைவாக இருந்தும் நரம்பு மெலிந்தவர்கள் வீட்டில் யாராவது இருந்தால், டாக்டர் அடுத்து என்ன செய்தார் என்று சொல்லுங்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை செக்கப், அதற்குள் தெரிந்தால் கேட்டுவிடுவேன்.