ஏர் ஃப்ளோ சென்சர் மாற்றியும் நடுக்கம் போகவில்லை, உதவி தேவை (செந்தூல், கோலாலம்பூர்)

வணக்கம். காடி 2012 ஜப்பானிய செடான், 1.8 லிட்டர், ஆட்டோ கியர். தீபாவளிக்குப் பிறகு சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இன்ஜின் நடுங்குகிறது, சில நேரம் அணைந்தே போகிறது. ஜாலான் ஈப்போ நெரிசலில் அம்மாவை ஏற்றிப் போகவே பயமாக இருக்கிறது.

ஸ்கேனரில் வந்தது பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு. ஏர் ஃபில்டர், பிளக் மாற்றியாயிற்று. இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சரில் கிளீனர் அடித்தேன். அப்புறம் ஹாஃப்-கட் (பழைய காடி உதிரிபாக) கடையில் அதே பார்ட் நம்பர் சென்சர் வாங்கிப் போட்டேன், அப்படியேதான் இருக்கிறது. பட்டறையில் புதுசு போடச் சொல்கிறார்கள்.

எனக்குச் சந்தேகம் வேறு. சென்சரில் உள்ள சூடான கம்பியைக் காற்று ஆற்றும். அந்தச் சூட்டைத் தக்கவைக்கத் தேவைப்படும் மின்சாரத்தை வைத்துத்தான் கம்ப்யூட்டர் காற்றைக் கணக்கிட்டுப் பெட்ரோல் விடுகிறது. சென்சரைத் தாண்டி ஓட்டை வழியாக நுழையும் காற்று அந்தக் கணக்கில் வராது. ஃபியூவல் ட்ரிம், அதாவது கலவையைச் சரிசெய்யக் கம்ப்யூட்டர் கூட்டிவிடும் பெட்ரோல் அளவு, ஐடிலில் (காடி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) +18%, 2500 ஆர்பிஎம்மில் +4% காட்டுகிறது. கசிவு என்றால் இப்படித்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரிந்த ஹோஸ்களில் வெடிப்பு எதுவும் இல்லை.

செந்தூல், கெப்போங் வட்டாரத்தில் இன்டேக்கில் (இன்ஜினுக்குக் காற்று போகும் பாதையில்) புகை விட்டுக் கசிவைக் கண்டுபிடிக்கும் நம்பகமான பட்டறை எது?