நடுப்பகல் வெயிலில் முகம் எடுப்பது எப்படி?

கேள்வி
வணக்கம். கேமராவுக்குப் புதியவன். காலை, மாலையில் எடுக்கும் படங்கள் பரவாயில்லை. அக்கா மகளின் பள்ளி விளையாட்டு விழா மட்டும் நடுப்பகலில் நடந்தது. வெள்ளைச் சீருடை வெளுத்து மடிப்புகூடத் தெரியவில்லை. கண் இருக்கும் இடத்தில் கறுப்புப் பள்ளம். 50 மி.மீ. லென்ஸ், அதன் துளை எஃப்/1.8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, கோப்பு ஜேபெக். என்ன செட்டிங் வைக்கலாம்?

பதில் 1
எஃப்/1.8 என்றீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. எஃப் எண் சிறிதானால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம். முழு வெயிலுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: எஃப்/16, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர், அதாவது வெளிச்சம் உள்ளே வரும் நேரம், 1/100 வினாடி. அதையே எஃப்/1.8 வரை திறந்தால் ஷட்டர் 1/8000-ஐத் தொட வேண்டும். 1/4000-உடன் நின்றுவிடும் கேமராக்கள் நிறைய. அப்புறம் சட்டை வெளுக்காமல் என்ன செய்யும்? எஃப்/4 வையுங்கள். 1/1600 போதும், ஓடுகிற குழந்தையும் படத்தில் கலங்காமல் பதியும்.

கண் பள்ளத்துக்கு செட்டிங் கிடையாது. சூரியன் உச்சியில் நிற்கிறது, புருவத்தின் நிழல் கண்மேல் விழுகிறது, அவ்வளவுதான். ஆளை நகர்த்துங்கள். கூரையோ சுவரோ, நிழலின் விளிம்புக்குச் சற்று உள்ளே, முகம் வெளிச்சத்தைப் பார்த்தபடி நிற்கட்டும். கருவிழியில் சின்ன வெள்ளைப் பொட்டு தெரிகிறதா? எடுங்கள். மரத்தடி என்றால் மட்டும் கவனம். இலை இடுக்கில் வரும் வெயில் கன்னத்தில் திட்டுத் திட்டாக விழுந்து படத்தைக் கெடுக்கும்.

பதில் 2
ஓட்டப் பந்தயத்தில் குழந்தையை நிழலுக்குக் கூப்பிட முடியுமா சார்? அங்கே சட்டையைக் காப்பாற்றுவதுதான் வேலை. வெளுத்த இடத்தைத் திரையில் மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டு வையுங்கள். சட்டை மினுக்கினால் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை −1 வரை இறக்குங்கள். ஜேபெக்கை விட்டு, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புக்கு வாருங்கள். இருண்ட முகத்தைக் கணினியில் ஓரளவு தூக்கிவிடலாம், முழுசாக வெளுத்ததை மீட்கவே முடியாது.

கேட்டவர்
நன்றி. கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷை வெயிலில் போடலாமா?

பதில் 1 தந்தவர்
தாராளமாக. ஆனால் சாதாரண ஃபிளாஷ் 1/200 அல்லது 1/250 ஷட்டர் வேகத்துக்கு மேல் ஒத்துவராது. அந்த வேகத்தில் எஃப்/11-க்குப் போக வேண்டியிருக்கும். துளையை அவ்வளவு மூடினால் அந்தக் குட்டி ஃபிளாஷ் ஓரிரு மீட்டர்தான் எட்டும். பக்கத்தில் நின்று மார்பளவு எடுக்க உதவும், மைதானத்துக்கு உதவாது.

பந்தயத்துக்கு என் வழி வேறு. சட்டை பற்றி பதில் 2 தந்தவர் சொன்னது சரி. நான் முடிவுக் கோட்டுக்கு அப்பால் நிற்பேன். ஜெயித்த குழந்தை தானாக முகத்தை மேலே தூக்கும். அப்போது புருவ நிழல் விலகி வெயில் நேராக முகத்தில் விழும். கண் சுருங்கியிருக்கும், இருக்கட்டும். கோட்டைத் தாண்டியதும் கேமராவை இறக்கிவிடாதீர்கள்.