பங்க் பின்னாடி கிணறு: அந்த ரிப்போர்ட்டை நம்பாதீங்க

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

பெட்ரோல் பங்குக்குப் பின்னால், பெட்ரோல் வாடை அடித்த சித்தப்பாவின் கழனிக்கிணற்றுத் தண்ணீரில் "ஒன்றுமில்லை" என்று துபாய் அண்ணன் அனுப்பிய லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா, அந்த ரிப்போர்ட் அப்படிச் சொல்லவே இல்லை. டிடிஎஸ் (கரைந்திருக்கும் மொத்த உப்பு), கடினத்தன்மை, குளோரைடு, புளோரைடு, அவ்வளவுதான் பார்த்திருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரி (தோல் பதனிடும் ஆலை) கழிவைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம், தண்ணீர் கெட்டது என்றால் உப்பைத்தான் தேடுவோம். பெட்ரோல் வாடைக்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை. தேட வேண்டியது பெட்ரோலில் இருக்கும் பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன். இந்த நான்கையும் பேர் சொல்லிக் கேட்டால்தான் லேபில் பார்ப்பார்கள்.

சாம்பிள் எடுத்த விதத்தையும் தம்பியிடம் போனில் கேட்டேன். காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் முக்கால் அளவு பிடித்து, வெயிலில் பைக்கில் கொண்டுபோய், மூன்றாம் நாள் கொடுத்தானாம். பென்சீன் லேசில் ஆவியாகிற சரக்கு. பாட்டிலில் காலி இடம் விட்டால் தண்ணீரிலிருந்து கிளம்பி அதில் போய் உட்கார்ந்துகொள்ளும், மூடியைத் திறந்ததும் பறந்துவிடும். இதற்கென்றே 40 மில்லி கண்ணாடிக் குப்பி இருக்கிறது, சில சொட்டு அமிலம் விட்டு லேபிலேயே தருவார்கள். அந்த அமிலம் கொட்டிவிடாமல் விளிம்புவரை நிரப்பி மூடி, கவிழ்த்துப் பார்த்தால் ஒரு குமிழிகூட மேலே ஓடக்கூடாது. அப்புறம் ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் அன்றே கொடுக்க வேண்டும்.

"இப்போது வாடையே இல்லையே" என்று மாமா எழுதியிருந்தார். பென்சீனுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மூக்குக்குத் தெரிவதற்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். பாரத் ஸ்டேஜ் 6, அதாவது இப்போது நம்ம பங்குகளில் விற்கும் தரப் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம்வரை இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் பென்சீன் 8 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும். 12,000 லிட்டர் லாரியில் எழுபது லோடு! கொதிக்க வைத்தாலும் அது சமையலறைக் காற்றில்தான் கலக்கும். ஆர்ஓ பிளான்ட்டுக்கு வசூல் ஆரம்பித்திருக்கிறீர்கள், அதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். இதைப் பிடிக்க ஆக்டிவேட்டட் கார்பன் (உறிஞ்சும் கரி) வேண்டும், அதுவும் எவ்வளவு என்பது அளந்த பிறகுதான் தெரியும்.

இங்கே நியூஜெர்சியில் எனக்குப் பிழைப்பே இந்த மாதிரிக் கசிவுகளைப் பார்ப்பதுதான். நிலத்தடி டேங்குகளுக்கு 1984இல் சட்டம் வந்ததிலிருந்து அமெரிக்காவில் இப்படி 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகள் கணக்கில் ஏறியிருக்கின்றன. அதனால் பங்க்காரர் மேல் எனக்குத் தனிக் கோபம் கிடையாது. பல இடங்களில் டேங்க் நன்றாக இருக்கும், பைப் இணைப்புதான் ஒழுகும். தினமும் டேங்கில் கம்பி விட்டு அளந்த கணக்கையும் விற்ற கணக்கையும் அவரே ஒப்பிட்டுப் பார்த்து, டேங்குக்கும் பைப்புக்கும் பிரஷர் டெஸ்ட் செய்தால் பாதி சண்டை தீர்ந்துவிடும். ஒழுகுவது அவர் காசும்தானே.

எந்தக் கிணற்றில் எடுப்பது? பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, மேலே மிதக்கும். அதில் தண்ணீரில் கரைந்துவிட்ட பகுதி நிலத்தடி நீரோடு சரிவைப் பார்த்து நகரும். சரிவு பாலாற்றுப் பக்கம்தான் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. மூன்று கிணறுகளில், விடியற்காலை மோட்டார் ஓடுவதற்கு முன், நீர்மட்டம் அளக்க வேண்டும். மேஸ்திரி மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் போதும், மூன்று கிணற்று விளிம்பையும் ஒரே மட்டத்துக்குக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் நம்ம பக்கம் கொஞ்சம் ஆழம் போனாலே பாறை, தண்ணீர் வெடிப்பு வழியாகத்தான் ஓடும். பக்கத்து போர்வெல் சுத்தமாக இருந்து, இருநூறு மீட்டர் தள்ளி ஓயாமல் ஓடுகிற போரில் வாடை வரலாம். ஆகவே குறைந்தது ஐந்து இடத்தில் எடுங்கள், பள்ளிக்கூட போர் கட்டாயம்.

சாம்பிள் எடுக்கும்போதே தேதி, நேரம், எடுத்தவர் பெயர் எழுதி, போட்டோவும் எடுத்து வையுங்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது நம்ம வேலூர் மாவட்ட வழக்கில்தான். கூல்டிரிங்ஸ் பாட்டில் ரிப்போர்ட்டோடு கோர்ட்டுக்குப் போனால் எதிர்த் தரப்பு வக்கீலுக்கு வேலையே இருக்காது.

எல்லாவற்றையும்விட அவசரம் ஒன்று. சித்தப்பா கிணற்றைத் தூர் வார ஆள் சொல்லியிருக்கிறாராம். விஷக்காற்று இருக்கிறதா என்று பார்க்க விளக்கை இறக்குவார்களே, அந்தக் கிணற்றில் அதைச் செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கிணற்றுக்குள்ளேயே தேங்கி நிற்கும், பற்றிக்கொள்ளும். விளக்கே இல்லாமல் இறங்கினாலும் மயங்கி விழுவார்கள். மோட்டார் சுவிட்சையும் தொட வேண்டாம், கரண்ட்டை வெளியே கம்பத்திலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இதை இன்றைக்கே யாராவது நேரில் போய் அவரிடம் சொல்ல வேண்டும். நான் போன் பண்ணினால் "அமெரிக்கா போயிட்டு எனக்கே கிணறு சொல்லித் தர்றியா" என்று வைத்துவிடுவார். காட்பாடி அத்தை சொன்னால் கேட்பார்.