மனசை விட்டுப் போகாத இதய நோயாளிகள்: உங்க அனுபவத்தை எழுதுங்க

இரவுப் பணி மருத்துவர்

ஒருத்தர் வந்தார்: மேல்வயிற்றில் எரிச்சல், வியர்வை, வாந்தி. வரும் வழியிலேயே யாரோ கேஸ் மாத்திரை கொடுத்திருந்தாங்க. இசிஜியில் இதயத்தின் கீழ்ப்பக்கத்தைக் காட்டுற 2, 3, ஏவிஎஃப் லீடு மூணிலும் எஸ்டி (மாரடைப்பில் மேலேறுற கோடு) ஏறியிருக்கு, 2-ஐ விட 3-ல் அதிகம். பிபி 90/60. ஜேவிபி (கழுத்துச் சிரை அழுத்தம்) ஏறியிருக்கு, நுரையீரல் சுத்தம். இதயத்தின் வலது கீழறையும் பாதிச்சிருக்கும்னு சந்தேகம். செவிலியர் வழக்கப்படி, ரத்தக் குழாயை விரிச்சு பிபியை இறக்குற நைட்ரேட் மாத்திரையைப் பிரிச்சு, அவர் நாக்கடியில் வைக்கக் கையை நீட்டிட்டாங்க. "சிஸ்டர், வேண்டாம்!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துட்டார். வி4 லீடைக் கழற்றி மார்பின் வலப்பக்கம் ஒட்டி எடுத்தோம், அங்கேயும் எஸ்டி ஏற்றம். வலது கீழறையிலும் மாரடைப்புதான். சலைன் 250 மிலி போனதும் பிபி 104. ஆஞ்சியோவுக்கு அனுப்பினோம், பிழைச்சுட்டார். அந்த நீட்டின கை மட்டும் இன்னும் கண்ணுல நிக்குது.

ஐசியூ செவிலியர்

ஒரு அம்மாவுக்கு ஆஸ்துமான்னு நெபுலைசர் மேல நெபுலைசர் ஓடிக்கிட்டிருந்தது. மாஸ்க்கைப் பிடுங்கிட்டு, "என்னைப் படுக்க வைக்காதேம்மா, மூச்சு முட்டுது"ன்னாங்க. காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாதான் மூச்சே வருது. கணுக்காலில் விரலை அழுத்தினேன், பள்ளம் அப்படியே நின்னுச்சு. டாக்டர் முதுகில் ஸ்டெத் வெச்சதுமே அவர் முகம் மாறிடுச்சு. ஆஸ்துமா இல்லை, இதயம் தளர்ந்து நுரையீரல்ல நீர் கோத்திருந்தது. நீரை வெளியேத்துற ஃப்ரூசமைட் ஊசி போட்டோம், விடியறதுக்குள்ள யூரின் பை நிறைஞ்சு அவங்களால பேச முடிஞ்சது. மூட்டு வலிக்குத் தினமும் வலி மாத்திரை போட்டுக்கிட்டிருந்தாங்களாம். அது உடம்புல உப்பையும் நீரையும் தேக்கும். அதுவரைக்கும் ஒருத்தர்கூட அவங்ககிட்ட அதைக் கேட்கலை!

இதயநோய் மருத்துவர்

முதல் பதிவில் நைட்ரேட்டைத் தடுத்தது சரி. ஆனா இதைப் படிக்கிற இளைய டாக்டர்கள் "கீழ்ப்பக்க மாரடைப்புன்னா நைட்ரேட்டே கூடாது"ன்னு மனப்பாடம் பண்ணிடாதீங்க. பிபியைப் பாருங்க, துடிப்பைப் பாருங்க, சில்டெனாஃபில் (வயாகரா) வகை மாத்திரை எடுத்தாரான்னு கூச்சப்படாமக் கேளுங்க. அடுத்து, சலைன். கொஞ்சம் விட்டுப் பாருங்க, பிபி ஏறலைன்னா நிறுத்துங்க. ஊத்திக்கிட்டே இருந்தா வலது கீழறை விரிஞ்சு நடுச்சுவரை இடது பக்கம் தள்ளும், வெளியே போற ரத்தம் இன்னும் குறையும். அந்தக் கட்டத்துல வேண்டியது இதயத்தைத் தாங்குற மருந்து, இன்னொரு பாட்டில் இல்லை. இந்த வகையில் துடிப்பு திடீர்னு 40-க்கு இறங்கலாம், துடிப்பை ஏத்துற அட்ரோபின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இது எதுக்காகவும் ஆஞ்சியோ தாமதமாகக் கூடாது.

என் அனுபவம்: முதல் இசிஜி நார்மல், ஆனா வலி நிக்கலை. திரும்ப எடுத்தப்போ வி1 முதல் வி3 வரை எஸ்டி இறங்கியிருந்தது. முதுகுப் பக்கம் லீடு ஒட்டினதும் மாரடைப்பு தெரிஞ்சது.

இரவுப் பணி மருத்துவர்

பிபி 90-ன்னு நானும் எழுதியிருக்கேனே சார். எல்லாருக்கும் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லை.

இசிஜி டெக்னீஷியன்

பெரியவங்க வாதத்துக்கு நடுவுல நான் ஒண்ணு சொல்லிடறேன். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கின அக்கா ஒருத்தர், படபடப்புன்னு வந்தாங்க. பிபி மெஷின் துடிப்பு 84-ன்னு காட்டுது. இசிஜியில் 140, ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி ஒத்தே வரலை. லீடை எடுத்துட்டு, "எழுந்திருங்கக்கா"ன்னேன். சட்டைப் பட்டனைப் போட வலது கையைக் கொண்டுபோறாங்க, விரல் வழுக்கிக்கிட்டே இருக்கு. மறுபடி போடறாங்க, மறுபடி வழுக்குது. "என்னடா இது"ன்னு என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க, வாய் ஒரு பக்கம்தான் போச்சு. பக்கவாதம்! ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தேன்.

ஐஎன்ஆர் (ரத்தம் உறையற வேகத்தைப் பார்க்கிற டெஸ்ட்) பார்க்க அலையறது கஷ்டமா இருக்குன்னு, ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த வார்ஃபரினை நிறுத்திட்டு ஆஸ்பிரின் போட்டுக்கிட்டிருந்தாங்களாம். ரெண்டும் ரத்தத்தை இளக்குற மாத்திரைதானேன்னு கேட்டாங்களாம். இந்த வால்வு நோயில் துடிப்பு இப்படித் தாறுமாறா போனா இதயத்துல ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போகலாம், அதைத் தடுக்க வார்ஃபரினுக்கு ஆஸ்பிரின் ஈடாகாது. 2022-ல் வந்த இன்விக்டஸ் ஆய்வுல புது மாத்திரையான ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின்தான் நல்லா காப்பாத்துச்சு. ஐஎன்ஆருக்கு வராம நின்னு போறவங்களை உங்க இடத்துல யார் கூப்பிட்டுக் கேட்கறாங்க? எங்ககிட்ட அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. இருக்கிறவங்க எழுதுங்க.