அனுபவப் பகிர்வு: படத்தைப் பார்த்து ஒருவர் சொன்னது, இன்னும் விடவில்லை

கல்மண்டபம் கரித்துண்டு:

ஓவியப் பிரிவு, மூன்றாம் வருடம். வருடக் கடைசி டிஸ்ப்ளேவில் என் காசிமேடு வரிசையை மாட்டியிருந்தேன். எல்லோருக்கும் தெரிந்த மீன்பிடித் துறைமுகம் காசிமேடுதான்: ஐஸ் பெட்டி, நீல பீப்பாய், ஏலத்துக்கு உட்கார்ந்திருக்கும் அக்காக்கள், கரையேற்றிய ஃபைபர் போட்டுகள். வெளியிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "கோட்டில் ஆதிமூலம் தெரிகிறார்" என்றார். கோட்டோவியங்களுக்குப் பெயர்போன மெட்ராஸ் ஓவியர் ஆதிமூலம். எனக்குக் கால் தரையில் இல்லை.

சாயங்காலம் மாமா வந்தார். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் சுவர் விளம்பரம், கடை போர்டு எல்லாம் எழுதியவர். இப்போது போட்டுக்குப் பெயர் எழுதுவதோடு சரி. செருப்பை ஹால் வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. போட்டுப் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். போட்டின் பக்கவாட்டில் மஞ்சளில் பெயர், வலது கீழே கறுப்பு நிழல், அவர் எழுதுவது போலவே. ஆனால் அவர் பார்த்தது எழுத்தை இல்லை. காலை வெயில் வலப்பக்கம் கடலிலிருந்து வருகிறது. பீப்பாய், ஐஸ் பெட்டி, அக்காக்கள், எல்லோருடைய நிழலும் அதே வலது கீழ்ப்பக்கம். வெயில் வரும் பக்கமே போய் விழுகிறது.

"எழுத்துக்குத்தான் பாப்பா வெயில் கெடையாது. எப்பவும் ஒரே பக்கம் நெழலு. மனுசனுக்குமா?" என்று சிரித்தார். வேறொன்றும் சொல்லவில்லை. டீ குடிக்கப் போய்விட்டோம்.

வீட்டுக்கு வந்து மற்றப் படங்களை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். எல்லாவற்றிலும் அப்படித்தான். ராத்திரிக் காட்சியிலும்கூட. காலேஜில் இதை ஆழம் காட்டாத தட்டையான வெளி, வேண்டுமென்றே செய்தது என்று பாராட்டியிருக்கிறார்கள். யாரால் பாதிக்கப்பட்டாய் என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்டால் சந்தானராஜ், ஆதிமூலம், கே. ராமானுஜம் என்று மெட்ராஸ் ஓவியர்கள் பெயரை ஒப்பிப்பேன். பொய்யில்லை. ராமானுஜத்தின் மைக்கோட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு நாள்கணக்கில் பேனாவை மட்டுமே தொட்ட காலம் உண்டு. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், ஸ்கூல் லீவில், மாமாவுக்குச் சுவரில் நூல் பிடித்தவள் நான். நீலப்பொடியில் தோய்த்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் சுவரில் பட்டென்று ஒரு கோடு விழும். எழுத்தெல்லாம் அதன்மேல்தான் உட்காரும். மாமா பேரை வைவாவில் நான் சொன்னதே இல்லை. நிழலை மாற்றப் போவதில்லை. ஆனால் இப்போது பிரஷ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கை ஒரு நொடி நிற்கிறது. உங்களுக்கு இப்படி ஏதாவது?

முகத்துவாரம்:

எண்ணூர். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்ததே, அப்போது நடந்தது. மற்றதை எல்லோரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். கரியில் வரைந்து பார்த்தேன், கறுப்பு அக்ரிலிக்கில் பார்த்தேன், அந்தக் கறுப்பு வரவே இல்லை. சரி, அதையே எடுப்போம் என்று ஸ்டீல் ஸ்கேலும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாகப் போய், கரையில் கிடந்த ஒரு போட்டின் ஓரத்தில் சுரண்டிக்கொண்டிருந்தேன். போட்டுக்காரர் வந்து பின்னால் நின்றார். திட்டப் போகிறார் என்று எழுந்தேன். "இன்னாத்துக்குபா?" என்றார். படம் வரைய என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நல்லா சொரண்டு. அந்தாண்ட பக்கமும் கீது" என்றார்.

கிண்டலா, கோபமா, நிஜமாகவே வேலை மிச்சம் என்று சொன்னாரா, இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பக்கமும் போய்ச் சுரண்டினேன்.

படம் காயவே இல்லை. காகிதத்தில் கறுப்பைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் ஊறி, வாரத்துக்கு வாரம் பெரிதாகிக்கொண்டே போனது. ஒருவர் வாங்கக் கேட்டார், வீட்டுக்கு வந்து நாற்றத்தை முகர்ந்ததும் போய்விட்டார். எனக்கு அந்த வளையம்தான் படம்.

மஞ்சள்ஒளி:

முதல் பதிவு போட்ட தங்கைக்கு: விருந்தினர் சொன்னதும் மாமா சொன்னதும் எதிரெதிர் என்பது போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. 1969 காந்தி நூற்றாண்டையொட்டி ஆதிமூலம் வரைந்த கறுப்பு வெள்ளை காந்தி கோட்டோவியங்களை மட்டும் வைத்துக்கொண்டு அவரைப் பேசுகிறோம். சிறுபத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் அவர் எழுதிய தலைப்பு எழுத்துகளை யார் பேசுகிறார்கள்? அதற்கும் முன்னால் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை ஆரம்பித்து, வாசிக்கவே முடியாத எழுத்தைக் கித்தான் முழுக்க நிரப்பினார். இரண்டு பேரும் 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அதே எழும்பூர் ஓவியக் கல்லூரி வழியாக வந்தவர்கள்தான். மெட்ராஸ் ஓவியத்தில் எழுத்தும் கோடும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். உங்கள் மாமா அந்த வீட்டுக்கு வெளியே நின்றார் என்று யார் சொன்னது? செருப்பை ஏன் கழற்றினார் என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பின்னி மில் சுவரை வரைந்தபோது, அங்கே வேலை பார்த்த ஒரு பெரியவர், "சங்கு எங்க?" என்று கேட்டார். மில் சங்கின் சத்தத்தை எப்படி ஐயா வரைவது?

டிராயிங் மாஸ்டர், வியாசர்பாடி:

என் வகுப்பில் ஒரு பையன் ஃபுட்பால் மைதானத்தை வரையச் சொன்னால் பந்தை மட்டும் விட்டுவிட்டான். கேட்டதற்கு, "கால்ல கீது சார், தெரியாது" என்றான். அவ்வளவுதான். நெஞ்சில் நிற்கிறது.

பொதுவாகச் சில விஷயங்கள். போட்டில் பெயர் எழுதுகிற எனாமல் பெயிண்டை அக்ரிலிக்கோடு கலந்து வேலை செய்கிற பிள்ளைகள் கவனிக்கவும். அக்ரிலிக் நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் எனாமல் போடலாம். எனாமல்மேல் அக்ரிலிக் போட்டால் பிடிக்காது, நாளைக்கே தோல் தோலாக உரியும். வெள்ளை எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளடிக்கும், அதற்கும் தயாராக இருங்கள். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் படத்தைச் சுவரோடு ஒட்டிச் சாய்க்காதீர்கள், பின்னால் காற்றுப் போகக் கட்டை வையுங்கள். காகிதத்தில் பூஞ்சை முதலில் மூலையில்தான் வரும். எண்ணெய் சுரண்டிய தம்பி, கையுறை போட்டீர்களா? அந்தப் பாட்டிலை வீட்டில் வைத்திருக்காதீர்கள். அந்தப் படத்தோடு ஒட்டி வேறு படத்தையும் வைக்காதீர்கள், ஊறும். நிழல் விஷயத்தில் தங்கைக்கு ஒரு வார்த்தை: எழும்பூர் மியூசியம் போய் வெண்கலச் சிலைகள் முன்னால் உட்கார்ந்து, ஒளி எங்கிருந்து வருகிறது என்று முதலில் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டு வரையுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள். பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு...

பழைய சிவப்பு:

மாஸ்டர், அந்தப் பொண்ணு நிழல் எப்படிப் போடுவது என்று கேட்கவே இல்லை. அம்புக்குறி போட்டு வரைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நானும் பேனர் ஆள்தான், தண்டையார்பேட்டை. ஒரே ஒரு சண்டை: எங்கள் கடையில் நிழல் இடது கீழே. வலது கீழே போடுகிறவர்களைப் பார்த்தால் எங்கள் மேஸ்திரி, "எவன்டா சொல்லிக் குடுத்தான்?" என்பார். சுவரைப் பார்த்தே யார் பட்டறை என்று சொல்லிவிடலாம். அதனால் பாப்பா, உன் படத்தைப் பார்த்து உன் மாமா சிரித்தது ஏன் என்று எனக்குத் தெரியும். நிழல் தப்பு என்று இல்லை. தன் பட்டறையைப் பார்த்துவிட்டார்.

பேனருக்குக் கட்டம் போட்டு முகத்தைப் பெரிதாக்கி வரைந்த காலத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு கண் வரைந்து கொண்டிருந்தேன். கீழே போன ஒரு அம்மா, "ஐயோ, பாக்குது" என்று முந்தானையை இழுத்துக்கொண்டு போனது. அதற்குமேல் ஒரு பாராட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ராயபுரம் ஸ்கெட்ச்புக்:

ராயபுரம் ஸ்டேஷன், 1856 கட்டடம், அவுட்டோர் ஸ்டடிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்தத் தூண்களை வரைவோம். நானும். நடுநடுவே பெஞ்சில் தூங்குகிறவர்களையும். ஒரு போலீஸ்காரர் வந்து, "பெர்மிஷன் இருக்கா?" என்றார். காலேஜ் ஐடி காட்டினேன். ஸ்கெட்ச்புக்கை வாங்கி, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். கரி எல்லாம் கலைகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். பெஞ்சில் கையை நெற்றிமேல் வைத்துத் தூங்கும் ஒரு ஆள். முகம் பாதிதான் தெரியும்.

"இவரை எப்ப பாத்த?" என்றார். குரல் மாறியிருந்தது. போன வாரம் என்றேன். எந்த பெஞ்ச், எந்த நேரம், சட்டை என்ன கலர் என்று கேட்டார். கரியில் வரைந்தது, கலர் ஞாபகமில்லை. போனில் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். பெர்மிஷனைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. புத்தகத்தை இரண்டு கையாலும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

தேடப்படுகிற ஆளா, அவருடைய சொந்தக்காரரா? இரண்டு கையால் கொடுத்ததை வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், ஆனால் நிச்சயமில்லை. அப்போதிருந்து சட்டைக் கலரைப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

டிராயிங் மாஸ்டர், வியாசர்பாடி:

தம்பி, ஸ்டேஷனில் வரைவதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்து, துறைத்தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதமும் கையில் வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையே வராது. அப்புறம் கரி உதிராமல் பிடித்துக்கொள்ள ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே அடித்திருந்தால் கலைந்திருக்காது.

ராயபுரம் ஸ்கெட்ச்புக்:

சார், நான் கேட்டது அந்த ஆள் யாரென்று.