எலும்பைத் தின்றது கட்டி இல்லையாம்

மழைத்துளி:
என் தம்பிக்குப் பதினாறு வயதில் ஆஸ்டியோசர்கோமா என்கிற எலும்புப் புற்றுநோய். தொடை எலும்பின் கீழ்முனை, முட்டிக்குக் கொஞ்சம் மேலே. எக்ஸ்ரேயில் அந்த இடம் செல்லரித்த மரக்கட்டை மாதிரி இருந்தது. புற்றணுக்கள்தான் எலும்பைக் கரைக்கின்றன என்றே நினைத்திருந்தேன். டாக்டர் விளக்கியதும் எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அரிப்பதில் பெரும்பங்கு நம் சொந்த செல்களுக்காம். கட்டியிலிருந்து ரேங்க்-எல் என்ற புரதம் வருகிறது. அது கிடைத்ததும் ஆஸ்டியோகிளாஸ்ட் என்கிற, வழக்கமாகப் பழைய எலும்பை அரித்துப் புதுப்பிக்க உதவும் செல்கள் அளவுக்கு மீறி உருவாகி எலும்பைக் குடைய ஆரம்பிக்கின்றன, குடையக் குடைய எலும்புக்குள் அடைந்து கிடந்த டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிப் புரதங்கள் வெளியே வந்து கட்டிக்கே தீனியாகின்றன, கட்டி கொழுத்து மறுபடியும் புரதத்தை விடுகிறது. வேலையாளும் நம்முடையவன், சாப்பாடும் நம் வீட்டுடையது! உங்களில் யாராவது இதை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

சோதனைக்குழாய்:
பார்த்திருக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு இதுதான் என் வேலை. புற்றணுக்களை ஒரு தட்டில் வளர்த்து, அவை ஊறிக் கிடந்த திரவத்தை மட்டும் எடுத்து, ஒரு செல்கூட வராமல் வடிகட்டி, எலும்பு மஜ்ஜை செல்கள் இருக்கிற இன்னொரு தட்டில் கலந்தேன். ஒரு வாரம் கழித்துச் சாயம் ஏற்றிப் பார்த்தால், புற்றணு படாத வெறும் திரவம் ஊற்றிய தட்டில் சின்னச் சின்ன உருண்டைகள்தான், இந்தத் தட்டில் அவை ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே நாலைந்து கருக்களோடு, கருஞ்சிவப்பில் பெரிய ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களாகப் பரந்து கிடந்தன. அந்தத் தட்டில் ஒரு புற்றணுகூட இல்லை என்பதை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஆனால் ஒரு புரதத்தை அடைத்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். ரத்தக்குழாயை இழுத்துவர விஇஜிஎஃப், அழற்சிக்கு ஐஎல்-6 என்று கட்டி பலதையும் விடுகிறது. பிரான்சில் நடந்த ஓஎஸ்2006 ஆய்வில் ஆஸ்டியோகிளாஸ்டை ஒடுக்கும் சோலட்ரோனிக் அமிலத்தைக் கீமோவோடு சேர்த்துப் பார்த்தார்கள், கூடுதல் பலன் இல்லை. 2016இல் முடிவு வந்தபோது எங்கள் லேபில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

இடதுமுட்டி:
எனக்கு வந்தது எலும்பில் வரும் ஜயன்ட் செல் கட்டி. பெரும்பாலும் புற்று வகையில் சேராது, ஆனால் ரேங்க்-எல் கதை அப்படியே இதற்கும் பொருந்தும். அந்தப் புரதத்தையே பிடித்துவைக்கிற டெனோசுமாப் ஊசி போட்டார்கள், 120 மில்லிகிராம், தோலுக்கடியில், மாதம் ஒன்று, முதல் மாதம் மட்டும் எட்டாம் நாளும் பதினைந்தாம் நாளும் கூடுதலாக. அதற்கு முன்னால் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள், எதற்கென்று அப்போது புரியவில்லை (தாடை எலும்பு பாதிக்கப்படலாமாம்). கால்சியம் மாத்திரை தனி. ராத்திரி வலி சில வாரத்தில் அடங்கிவிட்டது, அப்போதுதான் முழுசாகத் தூங்கினேன். ஆனால் புரதத்தை விடுகிற மூல செல்கள் ஊசியால் சாவதில்லை, நிறுத்தினால் கட்டி திரும்பலாம் என்று சொல்லித்தான் ஆபரேஷனில் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். அடுத்த ஸ்கேன் வருகிற மாதம்.

மழைத்துளி:
சோதனைக்குழாய் அண்ணா, தம்பியிடம் படித்துக் காட்டினேன். அந்தக் கருஞ்சிவப்பு செல் படம் இருந்தால் போடுங்கள், அவனுக்குப் பார்க்கணுமாம்.