மதுரையில் இருந்து ஒரே நாளில் போய்வர மலை, அருவி சொல்லுங்கள்

கோவைப்பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகி இந்த வருஷம்தான் மதுரைக்கு வந்தோம். கோவையில் இருந்தவரை ஞாயிறு என்றால் எங்கேயாவது மலையடிவாரத்தில்தான் இருப்போம். இங்கே வந்ததில் இருந்து மால், தியேட்டர், மறுபடி மால். பையன் ஆறாம் வகுப்பு. "அம்மா, இந்த ஊரில் மலையே இல்லையா?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டான்.

ஆபீசில் யாரைக் கேட்டாலும் கொடைக்கானல் என்கிறார்கள். ஒரு நாளில் போய்வந்தால் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம். எங்களிடம் கார் கிடையாது, இரண்டு ஸ்கூட்டர் இருக்கிறது. விடியற்காலையில் கிளம்பி இருட்டும் முன்னால் வீடு வந்துவிட வேண்டும். பையனுக்கு உண்மையிலேயே ஏறுகிற மாதிரி ஒரு மலை வேண்டும், வண்டி உச்சிவரை போகிற மலை வேண்டாமாம். இதில் இன்னொரு சிக்கல், எங்க அத்தை. அறுபத்தைந்து வயது, மூட்டு வலி. ஆனால் வீட்டில் விட்டுவிட்டுப் போனால் ஒரு வாரத்துக்குப் பேச மாட்டார். கார்த்திகை பிறந்துவிட்டது, மழையும் விட்டு விட்டுப் பெய்கிறது. இந்தச் சமயத்தில் எங்கே போகலாம் என்று சொல்லுங்கள்.

வாடிப்பட்டி_வண்டி:

சிறுமலை போங்க சகோ. திண்டுக்கல்லில் இருந்து பிரியும் ரோடு, 18 கொண்டை ஊசி வளைவு, ஸ்கூட்டர் தாராளமாக ஏறும். மேலே அகஸ்தியர்புரத்தில் வெள்ளிமலை இருக்கிறது. உச்சியில் சிவலிங்கம், நடந்துதான் ஏறணும், பையனுக்குச் சரியாக இருக்கும். பௌர்ணமி அன்று மட்டும் போகாதீங்க, கூட்டம். இறங்கும்போது ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வாங்கிடுங்க. புவிசார் குறியீடு வாங்கின பழம், தோல் கறுத்தாலும் உள்ளே கெடாது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மேலே நிற்க வேண்டாம். காட்டுமாடு ரோட்டுக்கு வரும், மூடுபனியில் கிட்டே போகிறவரை தெரியாது.

தாமரைக்குளத்தான்:

சிறுமலை நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் மதுரையில் இருந்து திண்டுக்கல் போகவே அறுபது கிலோமீட்டருக்கு மேல். மூட்டு வலிக்காரரை ஸ்கூட்டர் பின்னால் வைத்துக்கொண்டு அதற்கு மேல் 18 வளைவா? முதல் ஞாயிறே அது வேண்டாம்.

நான் கீழக்குயில்குடிக்காரன். மில்லில் இரவு ஷிப்ட். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராக மலைக்குப் போகிற பழக்கம் வாலிபத்தில் இருந்தே உண்டு, வீட்டுக்காரி திட்டியும் விடவில்லை. அதனால் என் பேச்சில் கொஞ்சம் ஊர்ப்பாசம் இருக்கும், கழித்துக்கொண்டு படிக்கவும்.

தங்கச்சி, உங்கள் பையனிடம் சொல்லுங்கள், இந்த ஊரைச் சுற்றி எட்டு மலை. எண்பெருங்குன்றம் என்று பழைய பாட்டிலேயே பேர் இருக்கிறது. எதுவும் கொடைக்கானல் உயரம் கிடையாது, பெரும்பாலும் மொட்டைப் பாறை. பாதி மதுரைக்காரர்களே பைபாஸில் போகும்போது பார்த்ததோடு சரி. ஆனால் வீட்டில் இருந்து அரை மணி, முக்கால் மணியில் அடிவாரம் வந்துவிடும். இரண்டாயிரம் வருஷமாக ஆள் ஏறின தடம் இருக்கும். காலை எட்டரைக்கு இறங்கி இட்லி சாப்பிடலாம். ஒரு நாள் பயணத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

முதலில் எங்க சமணர் மலை. தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டை வந்து இடது பக்கம் திரும்பினால் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் தாமரைக் குளம், கரையில் பெரிய ஆலமரங்கள், அய்யனார் கோயில். அத்தையை இங்கே உட்கார வைத்துவிடலாம். நிழல் இருக்கிறது, காற்று இருக்கிறது, காலையில் வாக்கிங் வருகிற பெண்கள் பேச்சுத் துணைக்குக் கிடைப்பார்கள். குளத்துப் பக்கமாக ஏறினால் பாறையில் வெட்டின படி, பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. கொஞ்ச நேரத்தில் பேச்சிப்பள்ளம் வந்துவிடும். அங்கே பாறைச் சுவரில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர்கள் வணங்கும் குருமார்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருந்தால் பார்சுவநாதர், காலில் கொடி சுற்றி நின்றால் பாகுபலி என்ற சமணத் துறவி. பையனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். காலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும்போது பாறைக்குள்ளிருந்து ஆட்கள் வெளியே வருவது போல இருக்கும். பத்து மணிக்குப் போனால் தட்டையாகத் தெரியும், அதே சிற்பம்தான். சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து, யார் செய்வித்தது என்ற விவரம். பக்கத்திலேயே நம்ம காலத்து ஆட்கள் ஆணியால் கீறின இதயமும் அம்பும் இருக்கும், அதையும் பார்த்துத் தொலைக்கத்தான் வேண்டும்.

சுனை ஒன்று உண்டு அங்கே. மழைக்காலத்தில் நிறைந்து கிடக்கும். விளிம்பில் பாசி, சோப்புத் தண்ணீர் ஊற்றின தரை மாதிரி வழுக்கும். பையன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் கம்பி கிடையாது, வெறும் பாறைதான், பையனுக்கு வேண்டிய மலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி இருந்த இடம், ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துச் சமண மடம், இப்போது அடித்தளம் மட்டும். உச்சியில் விளக்குத் தூண், அதன் பக்கத்தில் கன்னடத்தில் ஒரு கல்வெட்டு. கர்நாடகத்துச் சமணத் தலமான சிரவணபெளகொளாவோடு இந்த மலைக்குப் போக்குவரத்து இருந்த காலம் அது. வடக்கே நாகமலை நீளமாகப் படுத்திருக்கும்.

இறங்கின பிறகு மலையைச் சுற்றித் தென்மேற்குப் பக்கம் செட்டிப்புடவு. இதற்கு ஏற்றம் குறைவு, அத்தை ஆசைப்பட்டால் மெதுவாக ஏறிவிடுவார். குகை வாசலில் பெரிய மகாவீரர், காது தோள்வரை தொங்கும். ஊர்க்காரர்களுக்கு அவர் செட்டியார்தான். குகைக்குள் குனிந்து போய் விதானத்தைப் பாருங்கள். சிங்கத்தின் மேல் உட்கார்ந்த ஒரு பெண், எதிரே யானையில் வருகிறவனோடு சண்டை போடுகிறாள். நிறைய பேர் வெளியே மகாவீரரோடு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், அவளைப் பார்ப்பதே இல்லை.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. கருங்கல் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். ஒன்பது மணிக்கு மேல் ஏறாதீர்கள், கார்த்திகையாக இருந்தாலும் சரி. நடுப்பகலில் தலைக்கு மேல் ஒரு அடுப்பு, காலுக்குக் கீழ் ஒரு அடுப்பு. சாயங்காலமும் பாறை ஆற நேரமாகும், அதனால் விடியற்காலைதான் என் கட்சி.

மலைமுகடு:

அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இதெல்லாம் வாக்கிங். பையன் கேட்டது ட்ரெக்கிங். போடிக்கு மேலே குரங்கணி பக்கம் போனால்தானே காடு, மேகம் எல்லாம்? தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள், காட்டுக்குள் ஷார்ட் ரூட்டில் கூட்டிப் போவார்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

தாமரைக்குளத்தான்:

தம்பி, குரங்கணி பேரை எடுத்துவிட்டு "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று எப்படி எழுதுகிறீர்கள்? 2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் போனார்கள். மார்ச்சில் அந்தப் புல் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நிற்கும், தீ சரிவில் மேல்நோக்கி ஓடும், மனுஷன் ஓட்டத்துக்கு நிற்காது. அதற்குப் பிறகுதான் கெடுபிடி வந்தது, வந்தது நல்லதுதான்.

காட்டுக்குள்தான் போக வேண்டும் என்றால் அதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் அரசு ட்ரெக் தமிழ்நாடு என்று 40 தடங்களைத் திறந்தது. ஆன்லைனில் பணம் கட்டிப் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டியோடு அனுப்புவார்கள். குரங்கணி–சாம்பலாறு தடமும் அதில் உண்டு, நம்ம மாவட்டத்தில் வாசிமலை உண்டு. தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். மலையேற்றம் கொஞ்சம் கடினம், பையனின் வயதுக்கு அனுமதி உண்டா என்று பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இதுதான் காட்டுக்கு வழி, ஷார்ட் ரூட் பையன்கள் இல்லை.

வாக்கிங் என்று சொன்ன தம்பி ஒரு நாள் யானைமலை முதுகில் ஏறிப் பாருங்கள். ஒத்தக்கடையில் இருந்து அண்ணாந்து பார்த்தால் படுத்த யானைதான், நீளமே மூன்று கிலோமீட்டர். கீழே நரசிங்கம் குடைவரைக் கோயில். கி.பி. 770இல் பாண்டியனின் அமைச்சர் மாறன்காரி குடைய ஆரம்பித்து, அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தது. அத்தைக்குக் கோயில், பையனுக்கு மலை. ஆனால் அங்கே படி, கம்பி எல்லா இடத்திலும் எதிர்பார்க்காதீர்கள், ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் ஏறவே வேண்டாம்.

மேலூர்_பாப்பா:

அரிட்டாபட்டியை யாருமே சொல்லலையே! எங்க ஊர்ப் பக்கம். மேலூர் ரோட்டில் போய் இடது பக்கம் திரும்பணும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தார்கள், மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு எல்லாம் பாறை இடுக்கில் இருக்கு. பறவை மட்டும் 250 வகை என்று கணக்கு. கண்மாய்க் கரையில் உட்கார்ந்தாலே பொழுது போய்விடும். கழிஞ்சமலையில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து, சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கை, அந்தப் பக்கம் ஒரு குடைவரைச் சிவன் கோயில். அங்கே இருக்கிற லகுலீசர் (சிவனின் ஒரு வடிவம்) சிலை தமிழ்நாட்டில் அபூர்வம் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூட்டிப்போய்க் காட்டினார்.

அந்த மலைக்குக் கீழே டங்ஸ்டன் இருக்கிறது என்று 2024இல் சுரங்கம் தோண்ட ஏலம் விட்டார்கள், தெரியும்தானே? எங்க அப்பத்தா உட்பட ஊரே மதுரைக்கு நடந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்து. அதனால் வாங்க, வந்து பாருங்க. ஆனால் ஸ்பீக்கர், பாட்டில், பிரியாணிப் பொட்டலம் இதெல்லாம் வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள், கேட்டால் கோபப்படக் கூடாது.

கோவைப்பொண்ணு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. இவ்வளவு கிட்டத்தில் இத்தனை இருக்கும் என்று நினைக்கவே இல்லை. அண்ணா, அத்தை இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எல்லாம் சரி, தண்ணீர் எங்கே என்கிறார். அவருக்கு அருவியில் காலாவது நனைக்கணுமாம். கும்பக்கரை போகலாமா?

தாமரைக்குளத்தான்:

கும்பக்கரை பெரியகுளத்துக்குப் பக்கம். ஸ்கூட்டரில் தூரம், பஸ்ஸில் போங்கள். நல்ல அருவிதான், யானைகெஜம், பாம்புகெஜம் என்று பாறைப் பள்ளங்களுக்கெல்லாம் பேர் உண்டு. ஆனால் இந்த மாதம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே கொடைக்கானல் மலையில் மழை கொட்டும், அந்தத் தண்ணீர் சொல்லாமல் வரும். தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ துண்டைக்கூட எடுக்காமல் கரை ஏறிவிடுங்கள். வெள்ளம் என்றால் வனத்துறை மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் செய்தி பாருங்கள். வாடிப்பட்டிப் பக்கம் குட்லாடம்பட்டி அருவி கிட்டத்தில்தான், மழை பெய்தால்தான் தண்ணீர். இப்போது விடுகிறார்களா என்று வாடிப்பட்டி_வண்டி விசாரித்துச் சொன்னால் நல்லது.

அத்தைக்கு என் யோசனை அழகர்மலை. நகரத்தில் இருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம், டவுன் பஸ்ஸே உண்டு. அழகரைக் கும்பிட்டுவிட்டு அவரை மலைக்குப் போகும் வண்டியில் ஏற்றிவிடுங்கள். நீங்கள் மூன்று பேரும் அதே ரோட்டில் நடந்து ஏறுங்கள், இரண்டு பக்கமும் காடு. வழியில் பழமுதிர்சோலை, அதற்கு மேலே ராக்காயி அம்மன் கோயிலில் நூபுர கங்கை. கோடையிலும் வற்றாத ஊற்று. கால் நனைப்பதென்ன, தலைக்கே ஊற்றிக்கொண்டு வரலாம். கீழே வந்ததும் கோயில் தோசை வாங்குங்கள். தோலோடு உளுந்து, மிளகு போட்டு, நெய்யில் ஊறின கெட்டித் தோசை. பிய்த்துத்தான் தின்ன வேண்டும், ஒன்றை நாலு பேர் தின்னலாம். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். அங்கே குரங்குகள் தோசைக்கென்றே காத்திருக்கும், பை ஜிப்பைத் திறக்கவும் தெரியும்.

வாடிப்பட்டி_வண்டி:

குட்லாடம்பட்டி பற்றி நாளைக்கு நேரில் போய்க் கேட்டுச் சொல்றேன் அண்ணே. எப்படியும் அந்தப் பக்கம் லோடு இருக்கு.

கோவைப்பொண்ணு:

சரிங்க. இந்த ஞாயிறு சமணர் மலை, அடுத்த ஞாயிறு அழகர்மலை என்று வீட்டில் முடிவாகிவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று. கீழக்குயில்குடியில் அத்தனை காலையில் டீ கிடைக்குமா? வண்டியை எங்கே விடுவது?

தாமரைக்குளத்தான்:

டீ நாகமலைப் புதுக்கோட்டை மெயின் ரோட்டிலேயே குடித்துவிடுங்கள், அங்கே விடியும் முன்பே அடுப்பு எரியும். ஊருக்குள் எப்போது திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. வண்டியைக் குளத்துப் பக்கம் ஆலமரத்தடியில் விடுங்கள், அய்யனார் கோயில் வாசலை மறிக்காமல். ஹெல்மெட்டை வண்டியில் மாட்டிவைக்காதீர்கள், மயிலும் குரங்கும் எச்சம் போடும். பையனுக்கு ஷூ வேண்டும், செருப்பு ஆகாது. அத்தைக்கு ஒரு பாய் எடுத்துக்கொள்ளுங்கள், குளக்கரைத் திண்டு காலையில் ஈரமாக இருக்கும்.